மாசமாக இருக்கும்போது என்ன உடுத்துவது? காரைக்குடிப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சம் கிடையாது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்று அப்பத்தாவிலிருந்து அடுத்த வீட்டு ஆச்சி வரை ஆளாளுக்குச் சொல்வார்கள். ஐந்தாம் மாதத்தில் சுடிதார் பேன்ட் இடுப்பில் ஏறாமல் நிற்கும்போது என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "ரெண்டு நைட்டி எடுத்துப் போட்டுக்க, நாலஞ்சு மாசந்தானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்குப் போகிறவள், கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவள், மாதாமாதம் செக்கப்புக்குப் போகிறவள் நைட்டியோடு எங்கே போவாள்?

இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். ஒன்று, துணி தோளுக்கு அளவாக இருக்க வேண்டும், வயிற்றுக்குத் தாராளமாக இருக்க வேண்டும். வயிறு பெரிதாகிறதே என்று இரண்டு சைஸ் தள்ளி வாங்கினால் தோள் தையல் கையில் இறங்கும், கழுத்து அகன்றுபோகும், ஆளே பொதபொதவென்று தெரிவார். உங்கள் தோள் அகலம் ஒன்பதாம் மாதத்திலும் அதேதான். இரண்டாவது, பிள்ளை பிறந்த பிறகு பால் கொடுக்கும் காலத்துக்கு உதவாத எதையும் புதிதாக வாங்காதீர்கள். இந்த இரண்டுக்கும் ஒத்து வராத துணி கடையில் எவ்வளவு அழகாகத் தொங்கினாலும் விட்டுவிட்டு வந்துவிடலாம்.

கடைக்கு முன்னால் பீரோ

12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்தான் இருக்கும். அப்புறம் மேலே ஏறி, 20 வாரம் வாக்கில் தொப்புள் உயரத்துக்கு வந்துவிடும். ஆக முதல் மூன்று மாதத்துக்குப் புதுத் துணி எதுவும் தேவைப்படாது. அப்போது இடுப்பில் பிடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் உப்புசம்தான். மார்பு மட்டும் அதற்குள்ளேயே கனக்க ஆரம்பித்திருக்கும், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பீரோவைப் பிரித்து அடுக்குங்கள். முன்பக்கம் ஹூக் வைத்த ரவிக்கைகள், குடை மாதிரி கீழே விரியும் டாப்புகள், நாடா வைத்த பாட்டியாலா பேன்ட், தளர்வான காட்டன் சட்டைகள் எல்லாம் ஒரு பக்கம். பின்ஹூக் ரவிக்கை, ஜிப் வைத்த பேன்ட், ஜீன்ஸ், உடம்பைப் பிடிக்கும் குர்த்தி எல்லாம் இன்னொரு பக்கம். இரண்டாவது குவியலை மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லும், போட்டுப் பார்த்தால் அழுகை வரும்.

அடுத்து, அக்கம்பக்கத்தில் கேளுங்கள். போன வருஷம் பிள்ளை பெற்ற அக்காவோ நாத்தனாரோ நிச்சயம் யாராவது இருப்பார்கள். இந்த உடுப்புகளை ஒவ்வொருத்தியும் ஐந்தாறு மாதம்தான் போடுகிறாள், கிழிய நேரமே இருக்காது. அம்மாவிடமும் அயித்தையிடமும் கேட்க வேண்டியது வேறு: துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய நூல் சேலைகள். அவற்றுக்கு இப்போதும் வேலை இருக்கிறது, பிள்ளை பிறந்த பிறகும் இருக்கிறது.

பாவாடை

சேலை கட்டுகிறவர்களுக்கு முதலில் தொந்தரவு கொடுப்பது சேலை இல்லை, உள்ளே இருக்கும் பாவாடை நாடா. சின்னக் கயிறு ஒரே இடத்தில் அழுத்தி, வேர்வையும் சேர்ந்து, அரிப்பும் கறுப்புத் தழும்பும் வந்துவிடும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவே கூடுவதால் சாதாரண நாளைவிட அதிகமாகப் புழுங்கும். சித்திரை, வைகாசியில் ஏழாம் மாதம் வந்தவளைக் கேட்டுப் பாருங்கள்.

வழி சுலபம். நாடாவை உருவிவிட்டு ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்காத அளவில், உட்கார்ந்த நிலையில் அளந்து வெட்ட வேண்டும். நின்றுகொண்டு அளந்தால் உட்காரும்போது பிடிக்கும். எலாஸ்டிக் பிடிக்காதவர்கள் இரண்டு அங்குல அகலத்தில் துணிப்பட்டை தைத்து நாடாவுக்குப் பதிலாகக் கோத்துக்கொள்ளலாம். முடிச்சை நடுவயிற்றில் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் பாவாடையை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதா, வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டுவதா என்று ஆளுக்கு ஆள் மாறும். கீழே கட்டினால் மூச்சுக்கு இதம், மேலே கட்டினால் சேலை நழுவாது. வேலைக்குப் போகிற பெண்கள் பெரும்பாலும் கீழேதான் கட்டுகிறார்கள், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ரவிக்கை: டெய்லரிடம் போகும் முன்

பணம் மிச்சமாகிற இடமும் வீணாகிற இடமும் இதுதான். மார்பளவு இந்த ஒன்பது மாதத்தில் ஒன்று, இரண்டு கப் அளவு கூடும். விலா எலும்புக் கூடும் கொஞ்சம் விரியும். புது ரவிக்கை தைக்கலாம் என்று அவசரப்பட்டு நாலாம் மாதத்தில் அரை டஜன் தைத்தால் ஏழாம் மாதத்தில் அத்தனையும் பிடிக்கும்.

முதலில் இருக்கிற ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டில் இரண்டு மூன்று தையல் கோடு ஓடும். ஆகக் குறுகலாக இருக்கும் கோடுதான் இப்போது உங்களைப் பிடித்திருப்பது. அதைப் பிரித்தால் அடுத்த கோடு தாங்கிக்கொள்ளும். இரண்டு கோட்டுக்கும் கால் அங்குலம்தான் இடைவெளி என்றால்கூட, முன்துண்டு, பின்துண்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று சேர்ந்து சுற்றளவில் ஓர் அங்குலம் கூடிவிடும். அரை அங்குலம் விட்டிருந்தால் இரண்டு அங்குலம். பழகிய டெய்லர் தைத்த ரவிக்கையாக இருந்தால் கடைசிக் கோட்டுக்கு வெளியேயும் ஒரு விரல்கடைத் துணி மடித்துக் கிடக்கும். எட்டாம் மாதத்துக்கு அதுதான் கையிருப்பு.

பிரிக்கிறபோது பிளேடால் கரகரவென்று இழுக்காதீர்கள். சின்னக் கத்தரியின் நுனியால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்து நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் முழுதாக உருவி வந்துவிடும். பிரித்த இடத்தில் துணி அடர்ந்த நிறமாக ஒரு கோடு போலத் தெரியும், ஊசித் துளைகளும் தெரியும். ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரி போட்டால் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அந்த நிறக்கோடு அக்குளுக்குக் கீழே கைமறைவில்தான் வரும், ஊர் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே துணியே விடாமல் தைத்த ரவிக்கை என்றால் பக்கவாட்டைத் திறந்து நீளப் பட்டித் துணி ஒன்று இடையில் வைக்கச் சொல்லுங்கள். டெய்லர்கள் இதைப் பத்து நிமிஷ வேலையாகச் செய்து கொடுப்பார்கள். பிள்ளை பிறந்து உடம்பு இறங்கியதும் பட்டியை எடுத்துவிடலாம். கைத்துளையும் பிடிக்கிறது என்றால் அந்தப் பட்டியைக் கை வரை நீட்டச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் மேல்கையில் பட்டை கட்டித்தான் பிரஷர் பார்ப்பார்கள். கை இறுக்கமாக இருந்தால் மேலே ஏற்றவும் முடியாது, அப்படியே பார்க்கவும் முடியாது.

புதிதாகத் தைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முன்ஹூக் வைத்து, பிரின்சஸ் கட்டாகத் தைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வழக்கமான ரவிக்கையில் மார்புக்குக் கீழே ஒரு பட்டி வரும் இல்லையா, ஆறாம் மாதத்துக்கு மேல் அது விலாவை அழுத்தும், சாப்பிட்ட பிறகு மூச்சு முட்டும். பிரின்சஸ் கட்டில் அந்தப் பட்டி கிடையாது. துணி சாதாரண டூ பை டூ ரூபியாவே போதும். இன்னொரு வழி, லைக்ரா கலந்து இழுத்தால் இழுபடும் ரெடிமேட் ரவிக்கை. கறுப்பு, மெரூன், பொன் நிறம் என்று மூன்று வாங்கினால் வீட்டில் இருக்கிற சேலையில் முக்கால்வாசிக்குப் பொருந்திவிடும். வெயிலில் அது கொஞ்சம் புழுங்கும், அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவர்களுக்குச் சரி.

சேலை: எது, எப்படி

கண்டாங்கியைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் சேலை பேச முடியாது. 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு சின்னப் பெண்களும் தேடித் தேடி எடுக்கிறார்கள். மாசமாக இருக்கும்போது புதுக் கண்டாங்கி எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கெட்டி நூல், அகலக் கரை, உடம்பில் படியாமல் விறைத்து நிற்கும். இருக்கிற வயிற்றை இரண்டு மடங்காகக் காட்டும். அதே கண்டாங்கி பத்து இருபது சலவை கண்டு நைந்துவிட்டால் கதையே வேறு. வேர்வையை உறிஞ்சும், நழுவாது, கட்டம் போட்ட உடல் வயிற்றின் வளைவை அவ்வளவாகத் துருத்திக் காட்டாது. அம்மா வீட்டு மரப்பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். புதிதை வளைகாப்புச் சீராக யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கட்டலாம்.

புதிதாக எடுப்பதென்றால் சுங்குடியும் மல் காட்டனும் நல்லது. கனம் குறைவு, விலையும் அடக்கம். சுங்குடியில் முதல் இரண்டு சலவைக்குச் சாயம் போகும். கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஊற வைத்துத் தனியாக அலசுங்கள். எந்த நூல் சேலைக்கும் இந்த மாதங்களில் கஞ்சி வேண்டாம். போட்டே பழகியவர்கள் பெயருக்கு நீர்க்கக் காட்டி எடுங்கள், மொடமொடப்பு கூடாது. பூனம், ஜார்ஜெட் எல்லாம் உடம்போடு படிந்து ஒல்லியாகக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் பகல் வெயிலில் அரை மணி நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும், அடுப்படியில் தீப்பற்றினால் உருகி ஒட்டும். சாயங்கால விசேஷத்துக்கு வேண்டுமானால் கட்டுங்கள்.

கட்டும் முறையில் மூன்று மாற்றம் போதும். கொசுவத்தை நடுவில் கொத்தாகச் செருகினால் தொப்புளுக்கு மேல் ஒரு கட்டி போல அழுத்தும். ஐந்து மடிப்புக்கு மேல் வைக்காமல், முதலிலேயே ஊக்கு குத்தித் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே சற்று இடதுபுறம் தள்ளிச் செருகுங்கள். அடுத்தது, வயிறு முன்னால் தள்ளத் தள்ள முன்பக்கச் சேலை தானாக மேலே ஏறும், பின்பக்கம் தரையைக் கூட்டும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்து, முன்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கி, பின்பக்கத்தை ஏற்றிச் செருகினால் சரியாகிவிடும். கடைசியாக முந்தானை. அதை ஒற்றை மடிப்பாக விட்டால் வயிறு மறையும், மடிப்பு வைத்துக் குத்தினால் எடுப்பாகத் தெரியும். இதில் நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒத்துப்போக வேண்டும். கண் படும் என்று மூடச் சொல்வார்கள். வெளியே போகும்போது அவர்கள் சொல்கிறபடி விட்டுக்கொண்டு போய், போன இடத்தில் குத்திக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும்.

உயரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தரை தொடும் சேலை இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டியிருக்கிறது, வளவுக்குள் எத்தனை படி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் உங்கள் பாதமே உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தண்ணீர் சிந்தியிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்து ஆச்சிகள் கண்டாங்கியைக் கணுக்கால் தெரிய ஏற்றித்தான் கட்டினார்கள். அதே உயரத்துக்குக் கட்டுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

சுடிதார், குர்த்தி

குர்த்தி வாங்கும்போது தையல் எங்கே விரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். மார்புக்குக் கீழே தொடங்கி விரிகிற எதுவும் ஒன்பதாம் மாதம் வரை வரும். இடுப்பில் தொடங்கினால் ஐந்தாம் மாதத்தோடு சரி. அம்பர்லா கட், அனார்கலி, நைரா கட் என்று கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் இந்த ஒன்றைப் பார்த்தால் போதும். நைரா கட்டில் மார்புக்குக் கீழே கட்டும் கயிறு இருப்பது நல்லது. மாதம் ஏற ஏறத் தளர்த்திக்கொள்ளலாம். வி கழுத்தும் முக்கால் கையும் பெரும்பாலோருக்கு எடுப்பாக இருக்கும். முகமும் கையும் சற்றுப் பூசினாற்போல ஆகும் காலம், மூடிய வட்டக் கழுத்து அதை இன்னும் காட்டும். பெரிய பூ டிசைனை வயிற்றுக்கு நடுவில் வருகிற மாதிரி வாங்காதீர்கள். மேலிருந்து கீழ் ஓடும் கோடு, சின்னப் புட்டா எல்லாம் பாதுகாப்பான தேர்வு.

காட்டன், ரயான் இரண்டுமே முதல் சலவையில் சுருங்கும், ரயான் இன்னும் அதிகமாக. துணி எடுத்துத் தைப்பதென்றால் நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் டெய்லரிடம் கொடுக்க வேண்டும். ரெடிமேடில் நீளமும் மார்பளவும் ஒட்ட ஒட்ட இருந்தால் வாங்காதீர்கள்.

கீழே போடுவதற்கு லெகின்ஸைவிட நாடா வைத்த பாட்டியாலாவோ பலாஸோவோ மேல். லெகின்ஸ் வேண்டும் என்றால் வயிற்றை முழுவதும் மூடும் அகலப் பட்டை வைத்த தாய்மை லெகின்ஸ் கிடைக்கிறது, ஒன்றிரண்டு போதும். சாதாரண லெகின்ஸில் ஒரு சைஸ் பெரிதாக எடுத்து வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டாலும் நாள் ஓடிவிடும். மேலே சொன்ன தோள் கணக்கு கீழே போடுவதற்குப் பொருந்தாது.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் ஷாலை இரண்டு தோளிலும் விடாமல் குறுக்கே போட்டு இடுப்புப் பக்கம் முடிந்துகொள்ளுங்கள். சக்கரத்தில் சுற்றும் ஆபத்து எல்லாருக்கும் உண்டு, உங்களுக்கு இப்போது குதித்து இறங்கவும் முடியாது.

ஸ்கேன் நாளுக்கு ஒரு வார்த்தை. கணுக்கால் வரை ஒரே உடுப்பாக இருக்கும் நைட்டியோ அனார்கலியோ போட்டுக்கொண்டு போனால் வயிற்றைக் காட்ட முழுதாகத் தூக்க வேண்டிவரும். சேலையோ, குட்டை டாப்பும் பேன்ட்டுமோ போட்டுக்கொண்டு போங்கள். ஜெல் துடைக்கப் பழைய துணி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

நைட்டி

நைட்டியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையே கதியென்று இருக்க வேண்டாம் என்கிறேன். வாங்கும்போது முன்பக்கமோ இரண்டு ஓரத்திலுமோ ஜிப் வைத்த பால் கொடுக்கும் நைட்டியாக இப்போதே வாங்கிவிடுங்கள். ஜிப் உள்பக்கம் துணி வைத்து மூடியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பிள்ளையின் கன்னத்தில் கீறும். நல்ல கெட்டிக் காட்டன், அடர்ந்த நிறம். வெள்ளையும் வெளிர் மஞ்சளும் ஆஸ்பத்திரிக்கு உதவாது.

உள்ளாடை

இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். பிரா பின்னால் தடம் பதிக்கிறது, மேல் ஓரத்தில் பிதுங்குகிறது என்றால் அளவு மாறிவிட்டது. முதலில் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் கூடுதல் ஹூக் பட்டையை வாங்கிப் பின்னால் மாட்டிப் பாருங்கள். சுற்றளவு மட்டும் பிடித்தால் அதிலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். கப்பும் பிடித்தால் புதிது வாங்கத்தான் வேண்டும். கம்பி இல்லாத, அகலத் தோள்பட்டை வைத்த காட்டன் பிராவாக, ஆக உள்ளே இருக்கும் இறுக்கமான ஹூக்கில் சரியாக இருப்பதாக எடுங்கள், விரிய இடம் இருக்கும். பால் கொடுக்கும் பிராவை எட்டாம் மாதத்துக்கு முன் வாங்கிக் குவிக்காதீர்கள். பிறந்ததும் பால் கட்டும் நாட்களில் அளவு இன்னும் ஏறும்.

ஜட்டி காட்டனாகவே இருக்கட்டும், வயிற்றுக்குக் கீழே நிற்கும் வெட்டாக, எலாஸ்டிக் துணிக்குள் மறைந்ததாக. வெள்ளைப்படுவது இந்த மாதங்களில் கூடும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும், எண்ணிக்கை அதற்கேற்ப. வயிற்றைத் தாங்கும் பெல்ட்டை உங்கள் டாக்டரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

செருப்பு: சாயங்காலம் கால் வீங்கியிருக்கும் நேரத்தில் போய் எடுங்கள், பின்னால் பட்டை இருக்கட்டும், அடியில் வரி வரியாகப் பிடிமானம் இருக்கட்டும். அவ்வளவுதான்.

வளைகாப்புக்கு

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, அவரவர் வழக்கப்படி. அன்றைக்கு உங்களை மணையில் உட்கார வைத்து வந்தவர்கள் எல்லாரும் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆக்கிவிடுவார்கள். கல்யாணத்தில் கட்டிய கனமான ஜரிகைப் பட்டு இதற்கு வேண்டாம். ஜரிகை குறைந்த மென்பட்டு, கரை மட்டும் பளிச்சென்று, போட்டோவில் நன்றாக விழும். ரவிக்கைக்கு அளவு கொடுப்பது விசேஷத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், அதற்கும் முந்திக் கொடுத்தால் அன்றைக்கு ஹூக் மாட்டாது. சந்தனம் பூசுகிறார்கள் என்பதால் கை முழங்கைக்கு மேலே நிற்கட்டும்.

கண்ணாடி வளையல் வாங்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: வழக்கமாக 2.4 போடுகிற கைக்கு 2.6 வாங்க வேண்டும். கை பூரித்திருக்கும். சபையில் வைத்துச் சோப்பு போட்டு ஏற்றுவதும், வளையல் உடைந்து கையைக் கிழிப்பதும், "ஐயோ உடைஞ்சிருச்சே" என்று பெரியவர்கள் முகம் மாறுவதும் தேவையில்லாத வேலை. மோதிரத்தை ஆறாம் மாதத்திலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கால் சாயங்காலத்தில் லேசாக வீங்குவது சகஜம். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது துணியைத் தளர்த்துகிற விஷயம் இல்லை. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

எங்கே, எவ்வளவுக்கு

காரைக்குடியில் செக்காலை ரோடும் கல்லுக்கட்டியும் ஒரு சுற்று சுற்றினாலே தேவையானதெல்லாம் கிடைத்துவிடும். தேவகோட்டைக்காரர்களுக்கு அவர்கள் ஊர்க் கடைகளே போதும். மதுரை விளக்குத்தூண் பக்கம் மலிவுதான், ஆனால் போக வர பஸ்ஸில் நாலைந்து மணி நேரம், அந்தக் கூட்டத்தில் இடிபடவும் வேண்டும். போகிற யாரிடமாவது அளவு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆடித் தள்ளுபடி உங்கள் நாலாம், ஐந்தாம் மாதத்தில் வந்தால் அதிர்ஷ்டம். தாய்மை உடுப்பு என்று தனியாகத் தொங்கவிட்டிருக்கும் வரிசைக்கு முன்னால் சாதாரண வரிசையைப் பாருங்கள். அதே வெட்டு, அதே துணி, விலை மட்டும் குறைவாக இருக்கும். ஆன்லைனில் வாங்கினால் எஸ், எம் என்று எழுத்தைப் பார்க்காமல் அங்குலக் கணக்கைப் பார்த்து, உங்களுக்குப் பொருந்துகிற பழைய குர்த்தி ஒன்றின் தோளை டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதி இல்லாததைத் தொடவே வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மாதத்துக்கு உடுப்பு வேண்டும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடங்களில் முதல் பிள்ளைக்குச் சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். அப்படி எடுப்பதாக இருந்தால் அலுவலகத்துக்கென்று உங்களுக்குத் தேவைப்படுவது நாலு மாத உடுப்புதான்.

சேலையும் சுடிதாரும் மாற்றி மாற்றிப் போடுகிற ஒருத்திக்கு என் கணக்கு இது. ரவிக்கை பிரித்துத் தைக்க ஒன்றுக்கு 50 ரூபாய் வாக்கில். எலாஸ்டிக் மாற்றிய பாவாடைக்குக் கைச்செலவு மட்டும். ஒன்று 500 ரூபாய்க்குள்ளாக மூன்று குர்த்தி, இரண்டு பாட்டியாலா, ஒன்று 400 ரூபாய்க்குள்ளாக மூன்று பால் கொடுக்கும் நைட்டி, பிராவும் ஜட்டியும் சேர்த்து ஓர் ஆயிரத்து ஐந்நூறு. எல்லாம் கூட்டினால் ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். கைமாற்றாக வந்தது போக இன்னும் குறையும். வளைகாப்புச் சேலை இந்தக் கணக்கில் இல்லை, அது தாய்வீட்டுக் கணக்கு.

ஆஸ்பத்திரிப் பை

எட்டாம் மாத முடிவில் கட்டி வைத்துவிடுங்கள். ஜிப் வைத்த நைட்டிகள், அடர் நிறப் பாவாடை இரண்டு, உள்ளாடைகள், வீட்டுக்குத் திரும்பும்போது போட ஒரு குர்த்தி. திரும்பும்போது பழைய அளவுக்கு வந்துவிடுவோம் என்று ஒட்டின சுடிதாரைப் பையில் வைக்காதீர்கள். பிள்ளை பெற்ற மறுநாளும் வயிறு ஐந்தாறு மாதம் போலத்தான் இருக்கும், இறங்க வாரக் கணக்காகும்.

அம்மாவிடம் வாங்கிய பழைய நூல் சேலையில் ஒன்றைக் கிழித்து, வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, பிள்ளைக்கு விரிக்கவும் துடைக்கவும் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்துருண்டை போட்ட பெட்டியில் கிடந்த துணி என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை துவைக்க வேண்டும், பிள்ளைத் துணி வைக்கும் இடத்தில் அந்துருண்டை போடவே கூடாது. பிறந்த குழந்தைகளில் சிலருக்கு அந்த வாடை இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும்.

சிசேரியன் ஆனால் தையல் அடிவயிற்றில், பாவாடை நாடா வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வரும். நாடா வைத்த பாவாடை, தாழ்ந்த ஜட்டி எதுவும் சில வாரத்துக்கு ஆகாது. தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கும் பெரிய காட்டன் ஜட்டி மூன்று நாலும், மேலே ஏற்றிப் போடத் தளர்ந்த எலாஸ்டிக் பாவாடையும் பையில் இருந்தால் நல்லது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் துணி சுற்றிக் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். சிசேரியன் என்றால் எப்போது கட்டலாம், எவ்வளவு இறுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆயா கையில் துணியைக் கொடுங்கள்.